பெட்டியில் அச்சான இருபது மணி நேரம்

புது மாடல் சோதனை அறைக்கு வந்த அன்று நான் முதலில் செய்தது, அதைத் தராசில் வைத்ததுதான். இருபத்தாறு கிராம். பழைய மாடல் பேட்டரி போடாமலே நாற்பத்தொரு கிராம் இருந்தது. புதியதில் பேட்டரியும் சேர்த்தே இருபத்தாறு. ‘பதினைந்து கிராம் எங்கே போயிற்று?’ என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு மெலிசு, எவ்வளவு மெலிசு என்றார்கள். எனக்கு அந்த மெலிவின் மேல் நம்பிக்கை வரவில்லை. எதையாவது எடுக்காமல் எதையும் மெலிய வைக்க முடியாது. எடுத்தது என்ன என்பதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

அது 2009. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனை அறைக்கு நான் பொறுப்பு. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. வேறொரு கம்பெனியின் பெயரில் விற்கிற பாட்டுப் பெட்டிகளை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயர்போனில் கேட்கிற சிறிய பிளேயர்களை, நாங்கள் செய்துகொடுத்தோம். வடிவமைப்பது அவர்கள், பூட்டுவது நாங்கள், பூட்டியது சரிதானா என்று கையெழுத்துப் போடுவது நான். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அப்போதே இருபது வருடப் பழக்கம். இங்கே வரும் நேரங்களும் எண்களும் அதிலிருந்து எடுத்தவை. பேச்சு மட்டும் நினைவிலிருந்து.

புது மாடலோடு வடிவமைப்புப் பொறியாளரும் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பழையதில் பக்கவாட்டில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் பைக்குள் உரசினாலும் பாட்டு மாறாது. புதியதில் அது இல்லை.

"அதுக்கு ஒரு ஓட்டை போடணும் மேடம். ஓட்டைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போயிடும்" என்றார்.

கார்டு செருகும் இடம் இல்லை. அதற்கு இரண்டு மில்லிமீட்டர். பழையதில் பென்சில் பேட்டரி. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். புதியதில் தகடுபோல ஒரு பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். அந்தப் பேட்டரியின் இரண்டு வயர்களும் பிளக் இல்லாமல் நேராகச் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தன.

"பிளக் ஏன் எடுத்தீங்க?"

"உயரம் மேடம். பிளக் வெச்சா மூடி மூடாது."

"இதை மெஷின் பத்த வெக்காது. ஆள் கையாலதான் வெக்கணும். சூடு ரெண்டு செகண்டு கூடினா பேட்டரி உள்ளுக்குள்ள கெட்டுப்போகும். வெளிய தெரியாது."

"நல்ல ஆளா போடுங்க மேடம்" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் பொறுமையாகச் சொன்னார். "கடையில கஸ்டமர் இதைக் கையில வெச்சுப் பாக்குறது பத்து செகண்டு. அந்தப் பத்து செகண்டுல மெலிசு தெரியும். பேட்டரி எவ்ளோ நேரம் வரும்னு பத்து செகண்டுல தெரியுமா?"

அவர் போன பிறகு நாட்குறிப்பில் எழுதினேன்: ‘தெரியாத இடமாகப் பார்த்துக் கை வைத்திருக்கிறார்கள்.’

பேட்டரி சோதனை எளிமையானது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பத்து பிளேயர்களை ரேக்கில் வரிசையாக வைப்போம். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். ஒலி பாதி அளவு. முகப்பில் ஒரு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். அது அணைந்த நேரத்தை அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இயர்போன் செருகியிருக்கும். அவை ரேக்கின் விளிம்பிலிருந்து தொங்கும். பக்கத்தில் போய் நின்றால் பத்துக் கொசுக்கள் சேர்ந்து பாடுவதுபோலக் கேட்கும்.

புது மாடலுக்கு வந்த இயர்போன் வெள்ளை நிறம். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் கறுப்பு. வெள்ளை வந்ததுமே அறைக்குள் ஆட்கள் வருவது கூடியது. பேனா கேட்டு ஒருவர், மணி கேட்டு ஒருவர். நாற்பது இயர்போன் என் கணக்கில் ஏற்றியிருந்தேன். இரண்டு வாரத்தில் எண்ணிப் பார்த்தபோது இருபத்தொன்பதுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன். இருபத்தொன்பது.

என் அறையில் இரண்டு டெக்னீஷியன்கள். கூட்டிப் பெருக்க ஒரு பெண்மணி. பிளேயர் பூட்டும் லைனிலிருந்து வந்து போகிறவர்கள். எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டில் பெண்களின் பையைச் சோதிக்கும் காவலாளி அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவர் அன்று சாயங்காலம் பைக்குள் கைவிட்டுத் துழாவியதில் வரிசை உள்ளே ஆலைக் கட்டடம் வரை நீண்டது.

"இன்னாம்மா இது டப்பா, தொற."

"சாப்பாட்டு டப்பா ஆன்ட்டி. மோந்து பாருங்க, சாம்பார்."

"சாம்பாருக்குள்ள இன்னா கீதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

எதுவும் அகப்படவில்லை. மறுநாள் காலை, மிச்சமிருந்த இருபத்தொன்பதையும் என் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். இனிச் சோதனை இயர்போன் இல்லாமலே நடக்கட்டும் என்று சொன்னேன். பழைய மாடலில் செருகினாலும் செருகாவிட்டாலும் அரை மணி நேர வித்தியாசம்தான் வரும் என்று எப்போதோ பார்த்து வைத்திருந்தேன். ஆகவே உறுத்தவில்லை. அறிக்கைப் படிவத்தில் ஒன்பது கட்டங்கள் உண்டு. ஒன்பதையும் பிசகில்லாமல் நிரப்பினேன். இயர்போன் இருந்ததா இல்லையா என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

விற்பனைக்கு முந்தைய மாதிரிப் பெட்டிகளின் சோதனை அப்படித்தான் நடந்தது. சராசரி இருபத்தொரு மணி பத்து நிமிடம். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போகும் அட்டைப்பெட்டிகள் அச்சாகி வந்தன. ‘20 மணி நேரம் இடைவிடாமல்’ என்று முகப்பில் பெரிய எழுத்து. முழு எண்களை நான் நம்புவதில்லை. உண்மையில் எதுவும் சரியாக இருபதில் வந்து நிற்காது. என் அறிக்கையின் நகலை எடுத்து ஒப்பிட்டேன். நான் அளந்தது இருபத்தொன்றுக்கு மேல், அவர்கள் போட்டது இருபது. பரவாயில்லை, குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று திருப்தியானேன். இரண்டு எண்கள் ஒத்துப்போவதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெட்டிகள் கடைக்குப் போன மூன்றாம் மாதம் புகார் வந்தது. கடைகளிலிருந்து முப்பத்திரண்டு பிளேயர்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறை எழுதியிருந்தது: பேட்டரி நிற்பதில்லை. திறந்து பார்த்தோம். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி இருக்கும். அந்த வேலையைச் செய்தவர் தன் கையால் வைக்கும் அடையாளம் அது. ஒரு ஷிப்டில் பற்றவைக்கும் பெண்ணுக்குப் பச்சை, மற்ற ஷிப்டுப் பெண்ணுக்கு நீலம். முப்பத்திரண்டில் இருபத்தொன்பது பச்சை.

பச்சைப் புள்ளிக்காரி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். இருபத்திரண்டு வயது. படப்பையில் ஓர் அறையை ஐந்து பேரோடு பகிர்ந்துகொண்டு இருந்தாள். ஒரு வருட ஒப்பந்தம். அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

லைன் சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னா மேடம், பாத்தீங்களா? உங்க ரிப்போர்ட்டுல இருபத்தொண்ணு வருது. அப்போ டிசைன்ல கோளாறு இல்ல. கைலதான் கோளாறு. அந்தப் பொண்ணு பத்த வெக்கிற அயர்ன வெச்சிக்கினே எங்கியோ பராக்கு பாத்துக்கினு இருந்திருக்கும்."

"பத்த வெச்ச இடமெல்லாம் பூதக்கண்ணாடியில பாத்தேன். சுத்தமா இருக்கு."

"வெளிய சுத்தமாத்தான் இருக்கும். சூடு கூடினா உள்ளதான் கெடும்னு டிசைன்காரர்கிட்ட நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அதை மறுக்க முடியவில்லை. மறுக்க நான் விரும்பவும் இல்லை என்பதை இங்கே எழுத வேண்டும். ஏனென்றால் அவள் மேல் எனக்கு வேறொரு சந்தேகம் ஏற்கெனவே இருந்தது.

நான் கம்பெனி பஸ்ஸில் மணிமங்கலத்தில் ஏறுவேன். படப்பையில் அவள் ஏறுவாள். சில வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை மூடியிருந்த துப்பட்டாவைச் சரிசெய்தபோது காதில் வெள்ளை வயர் தெரிந்தது. ஒரகடம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் இயர்போனேதான். வயர் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் சிறிய வளையம் வரைக்கும். அவளிடம் கேட்கவில்லை. நாட்குறிப்பில் நாள், நேரம், இடம், இருக்கை வரிசை எல்லாம் எழுதிக்கொண்டேன். இயர்போனை எடுக்கிற கை பற்றவைப்பிலும் அக்கறை காட்டாது என்று என் மனம் இரண்டையும் கூட்டிக்கொண்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் பட்டியலில் ஹெச்.ஆர். ஆட்கள் அவள் பெயருக்கு எதிரே ‘நிறுத்திவைப்பு’ என்று எழுதியபோது என் கருத்தைக் கேட்டார்கள். ‘சோதனை அறைக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக்கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து டீ நேரத்தில் அவளே என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பிளேயர், அதன் அட்டைப்பெட்டி, கடை ரசீது, கேட்டில் போட்ட அனுமதிச் சீட்டு. எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் வைத்தாள்.

"இது நான் வெல குடுத்து வாங்குனது மேடம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில. நாம பூட்டுறத நாமளும் ஒண்ணு வச்சுக்கிடுவோமேன்னு வாங்குனேன்."

பெட்டிக்குள் வெள்ளை இயர்போன் சுருட்டி வைத்திருந்தது. ரசீதின் தேதியைப் பார்த்தேன். நான் பஸ்ஸில் பார்த்த செவ்வாய்க்கிழமைக்கு ஆறு நாள் முந்தையது. என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"இது பன்னெண்டு மணி நேரந்தான் பாடுது. மூணு தடவ பாத்துட்டேன். பெட்டியில இருவதுன்னு போட்டிருக்கு. கேட்டா, நான் பத்த வச்சதுதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லுதாவ. சரி, எங்கையிதான் கோளாறுன்னே வச்சுக்கிடுங்க. இதத் தொறந்து பாருங்க."

"இதைத் திறந்தா வாரண்டி போயிடும்மா."

"நேத்தே தொறந்து பாத்துட்டேன். நான் பூட்டுற பெட்டி, எனக்குத் தொறக்கத் தெரியாதா?"

நகத்தால் இரண்டு இடத்தில் அழுத்தி மூடியை எடுத்தாள். என் டெக்னீஷியனுக்கு அதற்கு ஒரு கருவி வேண்டும். உள்ளே வயருக்குப் பக்கத்தில் புள்ளி நீலமாக இருந்தது.

"நீலம்" என்றேன்.

"நீலந்தான். அந்த அக்கா வச்சது. அவுக வச்சதும் பன்னெண்டுதான் வருது. அப்பம் அவுக கையும் கோளாறா? மொத மூணு வாரம் அந்த அக்கா டிரெய்னிங்ல இருந்தாவ, நான் ஒருத்திதான் பத்த வச்சேன். கடைக்கு மொதல்ல போனது பூராவும் பச்சையாத்தான் இருக்கும். திரும்பி வாரதும் பச்சையாத்தான் வரும். இத யாரும் யோசிக்கலியா மேடம்?"

யாரும் யோசிக்கவில்லை. தேதிகளை வைத்துக்கொண்டு உட்காருவதையே தொழிலாகக் கொண்ட நானும் யோசிக்கவில்லை. அவள் டீ குடிக்காமலே லைனுக்குத் திரும்பினாள். மணி அடித்துவிட்டது.

அன்று மதியம் ஸ்டோரிலிருந்து பன்னிரண்டு பிளேயர்களை எடுத்துவரச் செய்தேன். பச்சை ஆறு, நீலம் ஆறு. அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் எனக்கு மனமில்லை. கடை ரசீது யாரும் வாங்கலாம், ஒரே ஒரு பிளேயர் எதையும் நிரூபிக்காது. அவள் எப்படிக் கேட்டாள் என்று யோசித்தேன். பஸ்ஸில், காதில் செருகி. நாங்கள் எப்படிச் சோதித்தோம்? செருகாமல். ஆகவே பீரோவைத் திறந்து ஆறு இயர்போன்களை எடுத்தேன். பச்சையில் மூன்றுக்குச் செருகினேன், நீலத்தில் மூன்றுக்குச் செருகினேன். மீதி ஆறும் சும்மா. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டு, ஒரே ஒலி.

நான் வீட்டுக்குப் போன பிறகும் யாராவது பார்த்து எழுத வேண்டும். இரண்டு டெக்னீஷியன்களிடமும் தனித்தனித் தாள் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். "எங்க மேல அவ்ளோ நம்பிக்கையா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அரை மணிகூட மாறவில்லை. செருகிய ஆறும் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தன. பச்சை, நீலம் என்ற வித்தியாசமே இல்லை. செருகாத ஆறும் நான் வந்து சேர்ந்தபோதும் மினுங்கிக்கொண்டிருந்தன. இருபத்தொரு மணியைத் தொட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக அணைந்தன.

பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"இயர்போன் இல்லாதப்ப உள்ள என்ன நடக்குது?"

"ஒண்ணும் தப்பா நடக்காது மேடம். எதுவும் செருகலேன்னா ஒலியைப் பெருக்குற பாகம் மட்டும் தூங்கிடும். பாட்டு ஓடுற கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், விளக்கும் எரியும். யாரும் கேக்காதப்ப பேட்டரிய எதுக்கு வீணாக்கணும்? பேட்டரி சின்னது, எங்கெங்க மிச்சம் பிடிக்க முடியுமோ அங்கெல்லாம் பிடிச்சிருக்கோம்."

"நீங்க வடிவமைக்கும்போது எத்தனை மணி நேரம் வரும்னு கணக்குப் போட்டீங்க?"

"பதின்மூணு, பதினாலு."

"அப்புறம் பெட்டியில எப்படி இருபது?"

"அது உங்க ரிப்போர்ட்டுல வந்த நம்பர் மேடம். இருபத்தொண்ணுன்னு நீங்கதான் அனுப்பினீங்க. எதிர்பார்த்ததைவிட நல்லா வந்திருக்கேன்னு நாங்க சந்தோஷப்பட்டோம். சேல்ஸ்ல ஒரு மணி நேரம் குறைச்சுப் பெட்டியில போட்டாங்க."

போனை வைத்தேன். அட்டைப்பெட்டி எண்ணை என் அறிக்கையோடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்தது நினைவுக்கு வந்தது. என் எண்ணை என் எண்ணோடுதான் ஒப்பிட்டிருக்கிறேன். பதின்மூன்று வரும் என்று கணக்குப் போட்டவர், இருபத்தொன்று வந்ததும் ஏன் என்று கேட்காமல் சந்தோஷப்பட்டார் என்பதை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை. தெரிந்தேதான் பேசாமல் இருந்தார் என்று ஒரு சந்தேகம். ஆனால் இயர்போனைப் பூட்டி வைத்தது அவர் இல்லை. காணாமல்போன பதினொன்றும் எங்கே போயின என்பதும் தெரியவே இல்லை. இரண்டு பேர் மேல் எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு. எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியதே போதும்.

புது அறிக்கை தயாரித்தேன். இரண்டு அட்டவணைகள், செருகியது, செருகாதது. முந்தைய அறிக்கை எந்த நிலையில் எடுக்கப்பட்டது, அப்படி எடுக்கச் சொன்னது யார் என்று ஒரு பத்தி. ஆலை மேலாளரின் அறையில் சூப்பர்வைசரும் ஹெச்.ஆர். அதிகாரியும் இருந்தார்கள். மேலாளர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"இது வெளிய போனா உங்க லேப் ரிப்போர்ட்டை இனிமே யாரு நம்புவா மேடம்? பழசை அப்படியே விட்டுடுங்க. பற்றவைப்பைச் சரிபண்ணிட்டோம், சோதனை முறையையும் மாத்தியிருக்கோம்னு ஒரு வரி எழுதுங்க. அவங்களும் பெட்டியில நம்பரை மாத்திடுவாங்க. முடிஞ்சது."

"பற்றவைப்பைச் சரிபண்ணோம்னு எழுதினா, பற்றவைப்பு தப்பா இருந்ததுன்னு அர்த்தம் சார். அப்போ அந்தப் பொண்ணு போகணும்."

"ஒரு டிரெய்னி மேடம். லேப் பேரைவிட..."

சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாகச் சொன்னால், அந்த ஒரு வரி எனக்கும் வசதியானதுதான். இருபது வருடத்தில் என் கையெழுத்தின் கீழ் ஒரு திருத்தமும் வந்ததில்லை. அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் இனியும் வராது. ஆனால் நீலப் புள்ளி வைத்த பிளேயர் ஒன்று பன்னிரண்டு மணியில் நின்றதை நான் பார்த்தாகிவிட்டது. பார்த்ததை எழுதாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு அறிக்கையிலயும் என் கையெழுத்துதான் சார் இருக்கு. இதுதான் சரியானது. இதையே அனுப்புங்க."

அனுப்பினார்கள். மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. ‘சோதனை நிலைமைகளைத் தன்னிச்சையாக மாற்றியதற்காக.’ அதில் சொன்னது உண்மை. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த லாட்டுக்கு வந்த அட்டைப்பெட்டியில் ‘20’ இல்லை. ‘12 மணி நேரம்’ என்று, முன்னைவிடச் சின்ன எழுத்தில், பின்பக்கத்தில் இருந்தது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். அவள் காதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தாள்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். ஹெச்.ஆர்ல கூப்பிட்டுக் குடுத்தாவ." காதிலிருந்து எடுத்த வெள்ளை வயரை விரலில் சுற்றினாள். "நீங்க இத லேப்ல இருந்து நான் எடுத்ததுன்னு நெனச்சியளா?"

இயர்போனைத்தான் சொன்னாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அன்று ரசீதைப் பார்த்த என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும்.

"நெனச்சேன்" என்றேன். "எந்த நாள், எந்த இருக்கைன்னு எழுதியும் வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எடுக்கணும்னா இந்த மட்டமான சரக்கையா எடுப்பேன்? காதுல நிக்கவே மாட்டேங்குது. குனிஞ்சா விழுந்துருது." பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாம்லா மேடம். நேரே கேட்டிருந்தா பில்லக் காட்டியிருப்பேன்."

"கேட்டிருக்கணும்."

பஸ் ஒரகடத்தைத் தாண்டியது. அப்புறம் பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "இதயும் பாருங்க. எல்லாருக்கும் ஒரு வருசம் போட்டிருக்காவ. எனக்கு மட்டும் ஆறு மாசம். ஏன்னு கேட்டா, போடுறதப் போட்டாச்சு, வாங்கிக்கோங்குதாவ."

படித்தேன். ஆறு மாதம் என்றுதான் இருந்தது. படப்பையில் அவள் இறங்கும்போது கடிதத்தை நாளைக் காலை வரை என்னிடம் விட்டு வைக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள். மணிமங்கலம் வரை அதைப் பைக்குள் மடங்காமல் பிடித்துக்கொண்டு போனேன்.

மறுநாள் என் அறையைத் திறக்கும் முன் ஹெச்.ஆர். அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஆறு மாசம் எதுக்கு சார்?"

"சும்மா மேடம். ஒரு பேச்சு வந்துடுச்சு இல்ல? ஆறு மாசம் பாப்போம்."

"பேச்சு வந்தது என் ரிப்போர்ட்டாலே. அது தப்புன்னு எழுதிக்குடுத்துட்டேன். மெமோவும் எனக்குத்தான் வந்தது. அதுல பாதி அந்தப் பொண்ணுக்கு எதுக்கு?"

"பாதின்னு யாரு சொன்னா?"

"பன்னிரண்டுல ஆறு பாதி சார்."

அவர் சிரித்து நகர்த்தப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பத்து நிமிடம் அவர் வேறு காகிதங்களைப் பார்த்தார். வெளியே ஷிப்டு மணி அடித்தது. நான் போகவில்லை. கடைசியில் கடிதத்தை இழுத்துக்கொண்டு, புதுசா அச்செடுக்க பிரிண்டர்ல மை இல்லை என்று சொல்லிவிட்டு, பேனாவால் ஆறை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன். போட்டார். கம்பெனி முத்திரையும் வேண்டும் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தார்.